55 அங்குலத் தொலைக்காட்சி: அமைப்புகளை மாற்றிய பிறகு ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கடந்த ஆண்டு ஆனித் தேரோட்டத்துக்கு முந்தைய வாரம் 55 அங்குல 4கே எல்இடி தொலைக்காட்சி ஒன்றை வாங்கினோம். வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் 46,000 ரூபாய் ஆயிற்று. பதினான்கு மாதங்கள் அன்றாடம் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். திரை நல்ல திரைதான் என்றாலும், பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய அன்று அது காட்டிய படத்தை நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். அன்றைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அமைப்புகளை மாற்றியதால் வந்தது. அவற்றைத் திருத்தாமல் இந்தத் தொலைக்காட்சியைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொன்னால் அது நியாயமாகாது என்பதால், எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பதோடு சேர்த்தே என் கருத்தைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே விலையில் வேறு நிறுவனங்கள் விற்கும் தொலைக்காட்சிகளைச் சமாதானபுரத்திலும் மேலப்பாளையத்திலும் உறவினர் வீடுகளில் பார்த்தேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அங்கும் இருந்தன.

கடையில் கூரை முழுவதும் வெள்ளை விளக்குகள் எரிகின்றன. இருபது தொலைக்காட்சிகள் அருகருகே நிற்கின்றன. எல்லாவற்றிலும் பழமும் பூவும் பவளப்பாறை மீனும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வெளிச்சத்தில் எந்தத் திரை அதிகமாகக் கண்ணைப் பறிக்கிறதோ அதன் முன்னால்தான் கால் நிற்கும். அதற்காகவே ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ என்ற பெயரில் ஒளியையும் நிறத்தையும் கூர்மையையும் உச்சத்துக்கு ஏற்றி, வெள்ளையில் நீலம் கலந்து வைக்கிறார்கள். விற்பனைக்கு அது உதவும். இரவு எட்டு மணிக்கு ஒற்றை டியூப்லைட் எரியும் கூடத்தில் அதே படத்தை இரண்டு மணி நேரம் பார்த்தால் கண் எரிச்சல்தான் மிஞ்சும்.

பொருத்த வந்த ஊழியர் பணிவானவர். சுவரில் துளையிட்டு, மட்டம் பார்த்துத் தாங்கியை மாட்டி, முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்தார். ஆனால் முதல்முறை இயக்கும்போது, வீட்டில் பயன்படுத்தப் போகிறீர்களா, கடையில் காட்சிக்கு வைக்கப் போகிறீர்களா என்று தொலைக்காட்சி கேட்கிறது. அவர் அவசரத்தில் கடை என்பதை அழுத்திவிட்டார். கடைக்கு உரிய நிலையில் இருந்தால், நாம் எதை மாற்றினாலும் சில நிமிடங்களில் எல்லாம் பழையபடி விவிட்டுக்குத் திரும்பிவிடும். அப்பா நான்கு நாள் வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துவிட்டு, “நேத்து மாத்துனது எங்கலே போச்சு?” என்று என்னிடம் கேட்டார். ரிமோட்டில்தான் கோளாறு என்று எண்ணி வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினோம். புதிய ரிமோட் அனுப்புவதாகச் சொன்னார்களே தவிர, எந்த நிலையில் இருக்கிறது என்ற ஒரு கேள்வியை அவர்களும் கேட்கவில்லை. கடைசியில் அமைப்புகளுக்குள் தேடி, ‘ஹோம் மோட்’ என்று மாற்றிய பிறகே தொல்லை நின்றது. புதிதாக வாங்குபவர்கள், மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, ‘பிக்சர் மோட்’ என்பதை விவிட்டிலிருந்து ‘சினிமா’வுக்கு மாற்றினோம். சில தொலைக்காட்சிகளில் இது ‘மூவி’ என்று இருக்கும். 2020 முதல் வந்த சிலவற்றில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற ஒன்றும் உண்டு. யுஎச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு 2019இல் அறிவித்த முறை அது. இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் முடிவுசெய்த படத்தை, தொலைக்காட்சி தன் பங்குக்கு எந்த மெருகும் ஏற்றாமல் காட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். எங்களுடையதில் அது இல்லை. இதில் உள்ள சினிமா மோட் ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது.

முதல் பார்வையில் சினிமா மோட் எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. படம் மங்கலாக, மஞ்சள் பூத்தாற்போல் இருக்கிறது என்றே எல்லோரும் சொன்னார்கள். அந்த வழக்கைத் தீர்த்துவைத்தது என் தங்கையின் கல்யாண வீடியோ. பென்டிரைவில் இருந்த அதை, மற்றவர்கள் கேட்டுக்கொண்டதால் மறுபடி விவிட்டிலேயே போட்டேன். கூறைச் சேலையைப் பார்த்ததும் அம்மா, “எய்யா, இது அரக்கு இல்லய்யா, கோவைப்பழம் மாதிரில்லா இருக்கு” என்றார். சொன்னதோடு நிற்காமல், தங்கை எங்கள் வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போயிருந்த அந்தச் சேலையையே எடுத்துவந்து, முந்தானையை விரித்துத் திரையின் ஓரத்தில் பிடித்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தப் பட்டு கருஞ்சிவப்பாக, மடிப்புகளுக்குள் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிந்தது. திரையிலோ மடிப்பு என்பதே இல்லாமல் ஒரே பூச்சாகச் சிவந்து கிடந்தது; சரிகை வெறும் வெள்ளைத் தகடாக இருந்தது. சினிமாவுக்கு மாற்றி, கலர் அளவை 65இலிருந்து 50க்கு இறக்கினேன். சிவப்பு அடங்கியது, மடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்தன, சரிகையில் இருந்த மாங்காய்க் கரை பொன்னிறத்தில் தெரிந்தது. “இப்பதான் நம்ம சேல” என்று சொல்லிவிட்டு அம்மா முந்தானையை மடித்தார். கல்யாண மண்டபத்துக் கேமரா பிடித்த நிறம் அப்படியே உண்மை நிறம் என்று சொல்ல முடியாதுதான். ஆயினும், கண்ணுக்கு நன்றாகப் பழகிய ஒரு பொருளைத் திரையோடு ஒப்பிடுவதைவிட எளிய, நம்பகமான சோதனை வீட்டில் வேறு கிடையாது.

மஞ்சள் பூத்தது போன்ற தோற்றத்துக்குக் காரணம் ‘கலர் டெம்பரேச்சர்’ என்ற அமைப்பு. வெள்ளை எவ்வளவு நீலமாக, எவ்வளவு செம்மையாக இருக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் படங்களும் நிறம் திருத்தப்படும் இடங்களில் வெள்ளை என்பது 6500 கெல்வின் அளவை ஒட்டியது. எச்டி ஒளிபரப்புக்கான பன்னாட்டுத் தரமும் அதையே சொல்கிறது. ‘கூல்’ என்ற நிலை அதைவிட மிக மேலே, நீலத்தின் பக்கம் நிற்கிறது. ‘வார்ம்’, அதிலும் ‘வார்ம் 2’ என்று இருந்தால் அதுவே 6500க்கு மிக அருகில் வரும். நம் வீடுகளில் பரவலாக உள்ள வெள்ளை எல்இடி டியூப்லைட்டின் அட்டையைப் பார்த்தால் அதிலும் 6500கே என்றே பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். ஆகவே அம்மா சேலையைப் பிடித்துப் பார்த்த வெளிச்சம், தற்செயலாகவே சரியான வெளிச்சமாக அமைந்துவிட்டது. நீல வெள்ளைக்குப் பழகிய கண் வார்முக்குப் பழக மூன்று நான்கு நாளாகும். எங்கள் வீட்டில் ஒரு வாரம் கழித்துப் பழைய கூல் நிலையைப் போட்டுக் காட்டியபோது, செய்தி வாசிப்பவரின் முகம் வெளிறி, நோயாளியின் முகம் போல இருப்பதாக அப்பாவே சொன்னார்.

பெயரால் மிகவும் குழப்புவது ‘பிரைட்னஸ்’. வெளிச்சம் போதவில்லை என்றால் எல்லோரும் அதைத்தான் கூட்டுகிறார்கள். பெரும்பாலான தொலைக்காட்சிகளில் பிரைட்னஸ் என்பது கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்கான அளவு. திரையின் மொத்த ஒளியைத் தருவது ‘பேக்லைட்’. பிரைட்னஸைக் கூட்டினால் இரவுக் காட்சி முழுவதும் சாம்பல் பூசியதாகிவிடும். அளவுக்கு மீறிக் குறைத்தால் கதாநாயகியின் கூந்தல் ஒரே கறுப்புக் கட்டியாகி இழை தெரியாமல் போகும். அகலத்திரைப் படம் ஒன்றைப் போட்டு, மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகள் வெளுக்கத் தொடங்கும் வரை ஏற்றி, மறுபடி கறுக்கும் வரை இறக்கி, அந்த இடத்தில் நிறுத்தினோம். எங்களுக்கு அது 49 என்று வந்தது. வெள்ளை எவ்வளவு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்கான அளவு ‘கான்ட்ராஸ்ட்’. அதற்கு உதவியது வெள்ளை வேட்டி. திரையில் வேட்டி கட்டியவர் வெயிலில் நிற்கும்போது, வேட்டியின் மடிப்புகள் தெரியும் வரை இறக்க வேண்டும். 100இல் இருந்ததை 88க்குக் கொண்டுவந்தோம்.

பேக்லைட் மட்டும் வேளைக்கு வேளை மாற வேண்டும். எங்கள் கூடத்துக்கு மேற்குச் சன்னல். திருநெல்வேலி வெயில் மூன்று மணிக்கு நேராகத் திரையில் விழும்போது பேக்லைட் 90 இருந்தாலும் போதாது. இரவில் 40 தாராளம். இரண்டுக்கும் தனித்தனி மோட் ஒதுக்கினோம். பகலுக்கு ‘ஸ்டாண்டர்ட்’ மோடில் வார்ம் நிறத்தை வைத்து ஒளியைக் கூட்டினோம். இரவுக்குச் சினிமா. அறையின் வெளிச்சத்தைப் பார்த்துத் தானாகவே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் மின்சேமிப்பு வசதி ஒன்று இதில் இருக்கிறது. காட்சிக்கு நடுவே அது படத்தை இறக்குவது நன்றாகத் தெரிகிறது, அணைத்துவிட்டோம். இரவில் பேக்லைட்டைக் குறைத்ததாலேயே போதுமான மின்சாரம் மிச்சமாகிறது.

கூர்மை என்று பொருள்படும் ‘ஷார்ப்னஸ்’, பெயருக்கு நேர்மாறான வேலையையும் செய்யும். படத்தில் இல்லாத விவரத்தை எந்தத் தொலைக்காட்சியாலும் உண்டாக்க முடியாது. பொருளின் விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளைக் கோட்டை வரைந்து, கூர்மையாக இருப்பதுபோல் காட்ட மட்டுமே முடியும். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைகளை 4கேயில் எடுத்த ஒரு காட்சியில் இதைத் தெளிவாகப் பார்த்தேன். அந்த நாரைக்கு வெள்ளை உடலில் கறுப்புச் சிறகும், வால்பக்கம் இளஞ்சிவப்பு இறகும் உண்டு. ஷார்ப்னஸ் 70 இருந்தபோது ஒவ்வொரு நாரையைச் சுற்றியும் சுண்ணாம்பால் கோடு கிழித்தாற்போல் இருந்தது. கருவேலமரத்தின் சுள்ளிகள் எல்லாம் இரட்டையாகத் தெரிந்தன. 10க்கு இறக்கியதும் கோடுகள் மறைந்து, இளஞ்சிவப்பு இறகின் நுனிகள் தனித்தனியே பிரிந்து தெரிந்தன. கூந்தன்குளத்துக்கு நேரில் போய்வந்தவர்களுக்கு அந்த இளஞ்சிவப்பு எவ்வளவு மெல்லியது என்று தெரியும். விவிட்டில் அது தாளில் சாயம் கொட்டியதுபோல் இருந்தது. இந்தத் திரையை நான் மெச்சத் தொடங்கியது அந்த மாலையில்தான்.

திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகிறது. தொலைக்காட்சிகளில் உள்ள ‘மோஷன்’ வசதி, இரண்டு சட்டகங்களுக்கு நடுவே தானே கற்பனை செய்த சட்டகங்களைச் செருகி அசைவை வழவழப்பாக்குகிறது. விளைவு, பெரிய பொருட்செலவில் எடுத்த படமும் அன்றாடத் தொடர் போல ஆகிவிடும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிடுங்கள் என்று காணொளி வெளியிட்டே கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதை நான் முழுமனதாக ஏற்கிறேன். கிரிக்கெட்டுக்கு மட்டும் குறைந்த அளவில் வைத்தால் பந்து ஓடும் தடம் சற்றுத் தெளிவாகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் கேபிள் சேனல்கள் மட்டும் கலங்கிய வாய்க்கால் தண்ணீர் போலவே இருந்தன. நம் பகுதியில் பெரும்பாலான வீடுகளின் மனக்குறை இதுதான். புதுத் தொலைக்காட்சி வாங்கியும் படம் பழையதைவிட மோசம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் பாதி, கணக்கில் அடங்கிய உண்மை. சாதாரண எஸ்டி சேனலின் படம் அதிகபட்சம் 720க்கு 576 புள்ளிகள், அதாவது சுமார் 4.15 லட்சம். 4கே திரையில் இருப்பது 3840க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள். வருகிற ஒரு புள்ளியைக் கொண்டு தொலைக்காட்சி இருபது புள்ளிகளை நிரப்பியாக வேண்டும். பழைய 32 அங்குலத் திரையில் சிறிதாக ஒளிந்திருந்த குறை, இதில் பெரிதாகத் தெரியத்தான் செய்யும்.

மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது. எங்கள் செட்டாப் பாக்ஸ் எச்டி வகை. எச்டி சேனல்களுக்குப் பணமும் கட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் பொருத்த வந்தவர், பழைய தொலைக்காட்சியில் இருந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட வயரையே கழற்றி இதில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மஞ்சள் வயர் வழியே எஸ்டி படம் மட்டும்தான் வரும். பின்பக்கம் எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாததால், ஒரு மாதம் எச்டிக்குப் பணம் கட்டி எஸ்டி பார்த்தோம். இதை எண்ணினால் எனக்கு இன்னும் வருத்தம்தான். முந்நூறு ரூபாய்க்கு ஓர் எச்டிஎம்ஐ வயர் வாங்கி மாட்டி, பாக்ஸின் சொந்த மெனுவில் வெளியீட்டை 576இலிருந்து 1080க்கும், பட வடிவை 4:3இலிருந்து 16:9க்கும் மாற்றினோம். அதுவரை எல்லோரும் குட்டையாக, பருத்துத் தெரிந்தவர்கள் தம் உருவத்துக்குத் திரும்பினார்கள். செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்தின் கால்பகுதி வெட்டுப்பட்டே இருந்தது. தொலைக்காட்சி படத்தைச் சற்று பெரிதாக்கி ஓரங்களைக் கத்தரிப்பதால் வருவது அது. ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்க்ரீன் ஃபிட்’ என்பதைப் போட்டால் முழுப்படமும் வரும், கூடவே தெளிவும் கூடும். எஸ்டி சேனல்களுக்கு மட்டும், படத்தில் மொய்க்கும் புள்ளிகளை மட்டுப்படுத்தும் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ குறைந்த அளவில் இருக்கட்டும். மற்றவற்றுக்கு அது வேண்டாம்.

மிகப் பிரகாசமான இடங்களையும் மிக இருண்ட இடங்களையும் ஒரே காட்சியில் விவரத்தோடு காட்டுவதற்கான எச்டிஆர் என்ற முறையைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்தாலும், இந்த விலைத் திரைகளுக்கு அந்தப் படங்கள் எதிர்பார்க்கும் ஒளி கிடையாது. எச்டிஆர் படம் தொடங்கியதும் அதற்கென்று தனி அமைப்புகள் வந்துவிடும். அங்கேயும் சினிமா, வார்ம் என்று ஒருமுறை மாற்றி, பேக்லைட்டை முழுவதும் ஏற்றிவிட்டால் பார்க்கத் தக்கதாக இருக்கிறது. அதை நம்பி இதை வாங்க வேண்டியதில்லை.

எந்த அமைப்பாலும் திருத்த முடியாத குறை ஒன்று இந்தத் திரையில் இருக்கிறது. நேர் எதிரே உட்கார்ந்தால் கறுப்பு ஆழமாகத் தெரிகிறது. பக்கவாட்டில் நகர நகரக் கறுப்பு வெளுக்கிறது, நிறம் சோர்கிறது. விஏ என்ற வகைத் திரைகளின் இயல்பு அது. ஐபிஎஸ் வகையில் பக்கவாட்டுப் பார்வை நன்றாக இருக்கும், கறுப்பு இவ்வளவு ஆழமாக இராது. எங்கள் வீட்டில் நான்கு பேரும் நேரே உட்காருவதால் இது பாதகமில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்தும் அடுக்களை வாசலிலிருந்தும் சாய்வாகப் பார்க்கும் வீடுகள் கடையிலேயே பக்கத்தில் நின்று பார்த்து முடிவுசெய்வது நல்லது. உயரத்திலும் இதே சங்கதி உண்டு. முதலில் நிலைப்படிக்கு மேல்மட்டத்தில், சாமி படத்தின் வரிசையில் மாட்டியிருந்தார்கள். அண்ணாந்து பார்க்கும்போது படம் வெளுத்தது. கீழே இறக்கச் சொல்லி மீண்டும் துளையிட்டதற்கு 500 ரூபாய் ஆயிற்று. இப்போது திரையின் நடுப்பகுதி, நாற்காலியில் அமர்ந்தவரின் கண்மட்டத்தை ஒட்டி இருக்கிறது. நாற்காலிகளையும் பதினோரு அடியிலிருந்து எட்டடிக்கு முன்னே இழுத்துப்போட்டோம். 55 அங்குலத் திரைக்கு ஏழரை, எட்டடித் தொலைவு பொருத்தமாக இருக்கிறது.

பணத்துக்கு இது தகுமா என்று கேட்டால், நேரே அமர்ந்து பார்க்கும் வீட்டுக்கு, எச்டி இணைப்பும் இருக்குமானால், தாராளமாகத் தகும். எஸ்டி சேனல்கள் மட்டுமே பார்ப்பவர்கள் 43 அங்குலத்தோடு நின்றுகொண்டால் படமும் நன்றாக இருக்கும், பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமும் ஆகும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சென்ற தை மாதம் மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று இரவில் தானாகவே இறங்கி, எல்லா அமைப்புகளையும் அழித்துவிட்டது. காலையில் தொலைக்காட்சியைப் போட்டபோது பழைய நீல வெள்ளை மறுபடி வந்திருந்தது. நான் அன்று வெளியூரில் இருந்தேன். அப்பா தினத்தாள் காலண்டரில் கிழித்த ஒரு தாளின் பின்புறத்தில் எல்லா எண்களையும் முன்பே குறித்து, மின்கட்டண அட்டையோடு வைத்திருந்தார். அதைப் பார்த்துக் கால் மணி நேரத்தில் அவரே எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டார்: சினிமா, வார்ம் 2, பேக்லைட் 40, பிரைட்னஸ் 49, கான்ட்ராஸ்ட் 88, கலர் 50, ஷார்ப்னஸ் 10, மோஷன் கிடையாது. கலர் என்ற வரிக்குப் பக்கத்தில் மட்டும் அம்மாவின் கையெழுத்தில் ‘சேலை’ என்று எழுதியிருக்கிறது.